ஒத்து ஊதிய பிள்ளைகள்

"நீ என்ன, அவனுக்கு ஒத்து ஊதுறியா?"

இந்த வசவை ஒரு தடவையாவது வாங்காத ஆள் நம்ம பக்கம் கிடையாது. மேனேஜர் சொன்னதுக்கெல்லாம் மண்டையை ஆட்டினா ஒத்து ஊதுறான். மாமியா பேச்சுக்கு மாப்பிள்ளை 'ஆமா' போட்டா ஒத்து ஊதுறான். சொந்தமா ஒரு வார்த்தை இல்லாதவன், சுயபுத்தி கிடையாதவன்னு அர்த்தம். இந்த வசவுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு வாத்தியம் இருக்கு, அதை மணிக்கணக்கா மூச்சு விடாம ஊதின சின்னப் பையன்கள் இருந்தாங்க என்கிற விஷயம் இப்போ பாதிப்பேருக்கு மறந்தே போச்சு. இந்தப் பதிவு அந்தப் பையன்களைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாப் போகும். பொறுமை உள்ளவங்க மட்டும் வாங்க :-)

ஒத்து என்பது பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். நாயனத்தைவிட கொஞ்சம் நீளம். விரல் வைத்து வாசிக்கிற ஏழு துளை இதில் கிடையாது. அடிப்பக்கம் சில துளைகள் இருக்கும், அதையும் மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் வாத்தியம். ஒரே ஒரு சத்தம், 'ஸா'. நாயனக்காரர் ஆலாபனை பண்ணினாலும், கீர்த்தனை வாசித்தாலும், தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் பொளந்து கட்டினாலும் அந்த 'ஸா' மட்டும் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுபடாமல் என்றால் உண்மையிலேயே அறுபடாமல். ஒத்து ஊதுகிறவன் மூச்சு வாங்க வாயை எடுக்கக்கூடாது. கன்னம் ரெண்டையும் உப்ப வைத்து அதில் காற்றைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் காற்றை வெளியே தள்ளுகிற அதே நேரத்தில் மூக்கு வழியாக உள்ளே இழுக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. செய்து பாருங்கள், கண்ணில் தண்ணி வந்துவிடும். இத்தாலியில் சார்டினியா தீவில் லௌனெட்டாஸ் என்று ஒரு குழல் உண்டு, அதற்கும் இதே மூச்சுதான். அங்கே பிள்ளைகளுக்கு இதைப் பழக்க, கிண்ணத்துத் தண்ணியில் ஒரு தட்டைக் குழலை விட்டு ஊதச் சொல்வார்கள். தண்ணியில் முட்டை வருவது நிற்காமல் இருந்தால் மூச்சு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிட்ஜெரிடூவுக்கும் இந்த மூச்சுதான். உலகத்தின் மூணு மூலையில் மூணு கூட்டம் ஒரே வித்தையைக் கண்டுபிடித்திருக்கிறது. நாம அதை எடுத்து வசவாக்கி வைத்திருக்கோம்.

முழு மேளம் என்றால், அதாவது பெரிய மேளம், ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். (நாதஸ்வரமா நாகஸ்வரமா என்கிற பஞ்சாயத்துக்கு நான் வரலை. எங்க ஊர்ல நாயனம். இந்தப் பதிவிலும் அப்படியே.) இதில் தாளமும் ஒத்தும் பெரும்பாலும் குடும்பத்துப் பொடியன்கள் கையில்தான் இருக்கும். வாசிக்கிறவரின் மகன், தங்கச்சி மகன், இல்லாவிட்டால் குருகுலத்தில் வந்து சேர்ந்த பையன். முதலில் தாளத்தைக் கொடுப்பார்கள், கணக்கு உடம்பில் ஏறட்டும் என்று. அப்புறம் ஒத்து, மூச்சு ஏறட்டும் என்று. அதுக்கு அப்புறம்தான் கையில் நாயனம்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த ஒத்து வெறும் எடுபிடி வேலை இல்லை. அதுதான் பள்ளிக்கூடம்.

திருச்சுழியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில், கரிசலுக்கு நடுவில் இருக்கிற ஊர். 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டம். அதற்கும் முன்னால் சேதுபதிகளின் சீமை. சுந்தரர் பாடின திருமேனிநாதர் கோயில் இங்கேதான் இருக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரைத் தெரிந்திருந்தால் அது ரமணரால். 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசனம். வீதி சுற்றிவிட்டு நடராஜர் திரும்பவும் கோயிலுக்குள் போகிற அந்த ராத்திரி நேரத்தில்தான் பக்கத்து வீட்டில் அந்தக் குழந்தை பிறந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதினவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வேற ஒரு நினைப்பு ஓடும். சாமி வீதியில் வருகிறது என்றால் முன்னால் மேளம் போயிருக்கும். மேளம் இல்லாமல் சாமி நகராது. மார்கழிக் குளிரில், நடுச்சாமத்தில், தீவட்டி வெளிச்சத்தில் ஒருத்தர் வாசித்திருக்கிறார். அவர் பின்னால் ஒரு பையன் தூக்கக் கலக்கத்தோடு ஒத்து ஊதிக்கொண்டு நின்றிருப்பான். சாமி பேரை எழுதினார்கள், பிறந்த பிள்ளை பேரை எழுதினார்கள். மேளக்காரர் பேரை எழுதணும்னு யாருக்கும் தோணலை. நம்ம வரலாறு எழுதுகிற லட்சணம் எப்பவும் இதுதான்.

சரி, அந்தப் பையன் என்ன கற்றுக்கொண்டிருப்பான்? மல்லாரி.

சங்கீதம் பழக்கமில்லாதவர்களுக்காக ரெண்டு வார்த்தை. சாமி கோயிலை விட்டுப் புறப்படும்போது வாசிக்கிற உருப்படி மல்லாரி. ராகம் கம்பீரநாட்டை. சாகித்தியம் கிடையாது, அதாவது பாட்டு வரியே கிடையாது. தவில்காரர் அலாரிப்பு வாசிக்க, அதைத் தொடர்ந்து நாயனம் எடுக்கும். சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி, தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி என்று வகை நிறைய. எந்த உற்சவத்துக்கு எதை வாசிப்பது என்று திருவாரூர்க் கோயிலில் முறைப்படுத்தியவர் முத்துசுவாமி தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதர் என்று சொல்வது மரபு. இன்றைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் மல்லாரி ஆடுகிறார்களே, அது தெருவிலிருந்து மேடைக்குப் போனது.

இதில் என்ன கஷ்டம்? கம்பீரநாட்டையில் இருப்பது அஞ்சே சுரம். ஸ, க, ம, ப, நி. ரி இல்லை, த இல்லை. கேட்க எளிசு, நெஞ்சை நிமிர்த்துகிற ராகம். கஷ்டம் வேற இடத்தில். பெரிய மல்லாரி என்றால் ஒரே சுரக்கோவையை மூணு காலத்தில் வாசிக்க வேண்டும். முதல் காலத்தில் மெதுவாக, அடுத்தது அதில் ரெண்டு மடங்கு வேகம், மூணாவது அதுக்கும் ரெண்டு மடங்கு. நடுவில் திஸ்ரம் என்று மூணு மூணாகப் பிரிப்பது ஒன்று உண்டு. தாளம் மட்டும் அசையாமல் ஒரே நிதானத்தில் போகும். எல்லோரும் வேகமாக வாசிப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். நாயனக்காரர்களைக் கேட்டால் முதல் காலம்தான் ஆளைக் கொல்லும் என்பார்கள். சுரம் நீண்டு நிற்கும், மூச்சு நிற்காது. மூணாம் காலத்தில் விரல் தடுக்கும், திஸ்ரத்தில் கணக்கு உதைக்கும். ஆக மூச்சுக்கு ஒரு பரீட்சை, விரலுக்கு ஒரு பரீட்சை, புத்திக்கு ஒரு பரீட்சை. இத்தனையும் நடந்துகொண்டே, தோளில் சாமி தூக்குகிறவர்களின் நடைக்கு ஏற்றபடி.

வார்த்தை இல்லை என்பதும் ஒரு கஷ்டம்தான். கீர்த்தனை என்றால் வரியைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம், மறந்தாலும் அடுத்த அடி ஞாபகம் வந்துவிடும். மல்லாரியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. காதில் ஏறியிருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, நூறு தடவை ஏறியிருக்க வேண்டும்.

இதோடு இன்னொரு சங்கதி. பழைய நாயனத்தில் சுத்த மத்திமம் தானாகப் பேசாது. அந்தத் துளையைத் திறந்தால் வருவது பிரதி மத்திமம். கம்பீரநாட்டைக்கு வேண்டியதோ சுத்த மத்திமம். ஊதுகிற காற்றை அடக்கி, உதட்டால் சீவாளியைக் கட்டுப்படுத்தித்தான் அதைக் கொண்டுவர வேண்டும். 1955-ல் கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி என்பவர் அளவை மாற்றி, சுத்த மத்திமம் நேராகப் பேசுகிற மாதிரி பாரி நாயனம் செய்து டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குக் கொடுத்தார். (அந்த ஊர் நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) அதாவது அதற்கு முன்னால் மல்லாரி கற்ற ஒவ்வொரு பொடியனும், ராகத்தின் அஞ்சு சுரத்தில் ஒன்றைத் தன் உதட்டாலேயே செய்து செய்து வாசித்திருக்கிறான். ஏழு எட்டு வயதில்! நினைத்துப் பார்த்தால் மலைப்பாத்தான் இருக்கு.

குழந்தை மேதைகள் கதை நமக்கெல்லாம் பிடிக்கும். புல்லாங்குழல் மாலி, திருவிடைமருதூர்க்காரர், 1926-ல் பிறந்தவர். மாமா மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னஞ்சிறு பையன், யாரும் பார்க்காதபோது ஒரு குழலை எடுத்து பைரவி அட தாள வர்ணத்தை வாசித்துவிட்டான் என்று கதை சொல்வார்கள். அட தாள வர்ணம் விளையாட்டுக் காரியம் இல்லை. ஏழு வயதில் மயிலாப்பூரில் கச்சேரியே பண்ணிவிட்டார். நம்பத்தான் வேண்டும், மாலி அப்படிப்பட்ட ஆள்.

ஆனா நாயனத்தில் அந்தக் கதை நடக்காது. மூங்கில் குழலை ஒரு குழந்தை எடுத்து ஊதினால் கொஞ்ச நேரத்தில் ஏதாவது ஒரு சத்தம் வரும். நாயனத்தை எடுத்து ஊதினால் வெறும் காற்றுதான் வரும். சீவாளி பேசாது. சீவாளி என்பது நாணல் தட்டையைப் பதப்படுத்தி, அமுக்கி, காயவைத்து, நூலால் கெண்டையில் கட்டின ரெட்டை நாக்கு. எச்சில் பட்டு ஊற வேண்டும், உதடு அதைச் சரியான இடத்தில் கவ்வ வேண்டும். வெறும் சீவாளியை மட்டும் கையில் கொடுத்து நாள்கணக்கில் ஊத விடுவது உண்டு. உதடு மரத்துப் போகும். பாரி நாயனம் வேற ரெண்டரை அடி. துளைக்கும் துளைக்கும் உள்ள தூரத்துக்குப் பச்சைப்பிள்ளை விரல் எட்டாது. அதனால் நீளம் குறைந்த திமிரியில் ஆரம்பித்து, கை வளர்ந்ததும் பாரிக்கு மாற்றுவார்கள். ஆக, நாயனத்தில் மேதைக்கும் ரெண்டு வருஷம் காத்திருப்பு உண்டு. அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் கையில் ஒத்து.

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூணு தலைமுறையாக நாயனம். திண்ணையில் அவர் பேரன், பதினோரு வயது இருக்கும், பெரிய மல்லாரியை உருப்போட்டுக்கொண்டிருந்தான். ரெண்டாம் காலம் வரை அழகாக வந்தது. மூணாம் காலத்தில் ஒரே இடத்தில் நாலு தடவை தடுக்கினான்.

"விரல் போக மாட்டேங்குது தாத்தா."

"விரல் போகுதுடா. உனக்கு எங்க போகணும்னு தெரியலை. பாடிக் காட்டு."

பையன் பாடினான். பாட்டிலும் அதே இடத்தில் தடுக்கினான். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீகளா அண்ணாச்சி, கைக்கோளாறு இல்லை. காதுல இல்லை. நான் இவன் வயசுல இந்த மல்லாரிய ஒருநாளும் படிச்சதில்லை. எங்க அய்யா பின்னாடி ஒத்துப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். பத்து நாள் திருவிழா, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. நாலு வருஷம் நின்னேன். ஒரு நாள் கையில நாயனத்தக் குடுத்து வாசிடான்னாரு. வாசிச்சேன். அவ்வளவுதான்."

"நாலு வருஷம் ஒரே ஸாவை ஊதினா அலுக்காதா அய்யா?"

"அலுக்கும். அலுத்துப் போயித்தான காத நீட்டுவோம். நமக்கு வேற என்ன சோலி?"

எனக்கு இதுக்கு மேல ஆராய்ச்சி தேவைப்படலை. வாய் அடைத்துக் கிடக்கும், கை சும்மா இருக்கும், காது மட்டும் திறந்திருக்கும். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்று, அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே பக்க நாயனக்காரருக்கு விடுகிறார், தவில்காரர் கண்ணை எப்போ பார்க்கிறார் என்பதையெல்லாம் வருஷக்கணக்கில் பார்த்தவனுக்கு மல்லாரி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வடக்கே ஷெனாய்க் கோஷ்டியிலும் இதேபோல் சுருதி மட்டும் பிடிக்கிற ஷெனாய் உண்டு.

இது கரிசல் காட்டில் இன்னும் முக்கியம். ஏன்னு சொல்றேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ரெண்டு பெரிய கோயில், ஆதீனம், மடம், தெருவுக்கு ஒரு வித்துவான். ஒரு பையன் வீட்டு வாசலில் உட்கார்ந்தாலே நாலு பேர் சாதகம் பண்ணுவது காதில் விழும். இங்கே பருத்தியும் மிளகாயும் விளைகிற பூமி. கண்மாய் பெருகினால் சோறு, இல்லாவிட்டால் அருப்புக்கோட்டைத் தறி. மல்லாரி கேட்க வேண்டும் என்றால் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். மீதி நாளெல்லாம் கல்யாணம், காதுகுத்து, பங்குனி சித்திரையில் அம்மன் பொங்கல், கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம். அந்தப் பத்து நாளில் ஒத்தோடு நின்றவனுக்கு மட்டும்தான் மல்லாரி கிடைத்தது.

நையாண்டி மேளம் என்றதும் சங்கீத ரசிகர்கள் மூக்கைச் சுளிப்பது எனக்குத் தெரியும். எனக்கு அதில் சம்மதமே இல்லை. பம்பையும் தவிலும் தமுக்கும் பின்னால் இடிக்க, திமிரியில் ராத்திரி பூரா மூச்சுப் பிடித்து ஊதுகிற ஆளிடம் இருக்கிற பலம் சபா மேடையில் எத்தனை பேரிடம் இருக்கும்? நம்ம பக்கத்து ஆள் விடியக்காலம் கோயிலில் பூபாளம் வாசிப்பார், ராத்திரி பொங்கலில் சினிமாப் பாட்டு ஊதுவார். ரெண்டும் ஒரே வாய்தான். மல்லாங்கிணற்றைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் இந்தக் கரிசல் நாயனக்காரர்களை வைத்துத்தான் 'சஞ்சாரம்' நாவல் எழுதினார். 2018-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. மல்லாங்கிணறு நம்ம பக்கத்து ஊர் என்பதில் எனக்கு ஒரு பெருமை, மறைக்கவில்லை :-)

மரியாதை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய காலம் எல்லாமே தேன் என்று நான் சொல்வதுபோல் ஆகிவிடும். சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டணும், எத்தனை மணி நேரமானாலும் நின்றுகொண்டே வாசிக்கணும், பந்தியில் கடைசி. ஊரே சாமி கும்பிட மங்கள வாத்தியம் வேண்டும், வாசித்த ஆளுக்கு மட்டும் திண்ணைக்குக் கீழே இடம். இதை எதிர்த்து நின்றவர் ராஜரத்தினம் பிள்ளை. கிராப்பு வைத்தார், கோட்டுப் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அவர் தோடியைப் பற்றிச் சொல்லாத ஆள் கிடையாது. எனக்கு அந்தத் தோடியைவிட அவர் உட்கார்ந்ததுதான் பெரிசு.

அதே ராஜரத்தினம்தான் ஒத்தை எடுத்துவிட்டுத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். மேடைக் கச்சேரிக்கு அது பொருத்தம்தான், பாட்டுக் கச்சேரிக்குச் சமமாக நாயனக் கச்சேரி என்கிற அந்தஸ்தும் அதில் இருந்தது. அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது, அதுக்கும் அப்புறம் மின்சாரச் சுருதிப் பெட்டி. ஒரு ஆள் சம்பளம் மிச்சம், ஒரு ஆள் பஸ் காசு மிச்சம். ஒத்து மெல்ல மெல்ல மறைந்தது. யாரும் வேணும்னு செய்யலை. ஒத்தோடு சேர்ந்து அந்தப் பையன் நின்ற இடமும் போச்சு என்பதை மட்டும் அப்போ யாரும் கவனிக்கலை.

காருகுறிச்சி அருணாசலத்தைப் பாருங்கள். 1921-ல் தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து, கடைசியில் கரிசல் பூமியான கோவில்பட்டியில் வந்து தங்கினவர். 1964-ல், நாற்பத்து மூணு வயது முடிவதற்குள் போய்விட்டார். ராஜரத்தினத்திடம் சேர்ந்து, அவருக்குப் பக்க நாயனமாக வருஷக்கணக்கில் வாசித்தவர். பக்கத்தில் நிற்பதுதான் அங்கேயும் படிப்பு. கோவில்பட்டி வந்த பிறகும் விளாத்திகுளம் சுவாமிகள் என்கிற ராக ஆலாபனை மகான் பாடுவதை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவர் அவர். கி.ராஜநாராயணன் எழுத்தைப் படித்தவர்களுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரிந்திருக்கும். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்து, எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சியின் நாயனம் ஆபேரியில் போட்டி போட்ட அந்தப் பாட்டுக்கு அப்புறம் கல்யாண வீட்டில் எல்லோரும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது, சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். நாயனத்துக்கு அவ்வளவு பெரிய விளம்பரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விளம்பரம் வந்த அதே பத்து வருஷத்தில்தான் அடிப்படை ஆட்டம் கண்டது என்பது விசித்திரம். கோயில் ஊழியத்துக்கு நிலம் விட்டிருந்தார்கள், மானியம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம். 1971-ல் கோயில் வேலையில் வாரிசு உரிமை கிடையாது என்று சட்டத் திருத்தம். அது நியாயமான சட்டம் என்பதில் எனக்கு இப்பவும் சந்தேகம் இல்லை. பிறப்பை வைத்து ஏன் வேலை கொடுக்கணும்? ஆனா அப்பன் வேலை மகனுக்கு என்று இருந்ததால்தான் ஒரு பொடியன் எட்டு வயதிலிருந்து ஒத்தோடு நின்றான். அந்தப் பழைய ஏற்பாட்டை எடுத்தவர்கள், யார் வீட்டுப் பிள்ளையானாலும் எட்டு வயதில் வந்து மேளத்துக்குப் பின்னால் நிற்கலாம் என்று ஒரு ஏற்பாட்டை அந்த இடத்தில் வைத்திருக்கலாம். வைக்கலை. பல கோயில்களில் வைத்தது என்ன தெரியுமா? மோட்டாரில் ஓடுகிற மேள மெஷின். சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடிக்கும். அதுக்கு மூச்சும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாமி எப்படித்தான் நிற்கிறதோ!

அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கு, விருதுநகருக்கும் உண்டு. மூணு வருஷப் படிப்பு. நாயனமும் தவிலும் சேர, தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். எந்தச் சாதிப் பிள்ளையும் சேரலாம், பெண் பிள்ளைகளும் சேரலாம். இது பெரிய விஷயம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனா சேருகிற வயது 12. ஒத்துப் பிடித்த காலத்தில் அந்த வயதுப் பையன் நாலு திருவிழா பார்த்து முடித்திருப்பான். இங்கே பன்னிரண்டில் ஆரம்பிக்கிறவன் நாலு சுவருக்குள் சரளி வரிசையில் தொடங்கி, மல்லாரியைச் சுரம் எழுதின நோட்டைப் பார்த்துப் பழக வேண்டும். நோட்டில் மூணு காலமும் பக்காவா இருக்கும். சாமி ஒரு முக்கில் நின்றுவிட்டால் மல்லாரியை எங்கே நீட்டணும் என்பது நோட்டில் இருக்காது.

"யூட்யூப்ல எல்லாம் இருக்கே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இருக்கு, நானும் ராத்திரி ராத்திரியா கேட்கிறேன். அந்தப் பெரியவரின் பேரனும் கேட்கிறான். அவனிடம் செல்போனில் ஆறு மல்லாரி இருக்கு, யார் யார் வாசித்தது என்று அத்துப்படியாகச் சொல்கிறான். ஆனா போனில் கேட்கிறவன் பிடித்த இடத்தை மட்டும் திரும்பக் கேட்பான். பிடிக்காத இடத்தைத் தள்ளிவிடுவான். ஒத்து ஊதினவனுக்குத் தள்ளிவிடுகிற வசதி கிடையாது.

கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன், இவனை வெளி வாசிப்புக்குக் கூட்டிப்போவதுண்டா என்று.

"கூட்டிட்டுத்தான் போறேன். வீதி சுத்தும்போது சுருதிப்பொட்டிய யாராவது தூக்கணும்ல அண்ணாச்சி? பேட்டரி வெயிட்டு வேற. இவந்தான் தூக்கிக்கிட்டு வாரான்."

"எங்கே நிற்பான்?"

"எங்க நிப்பான், எம் பின்னாடிதான். ஒத்து நிக்கிற எடத்துல."

திண்ணையில் பையன் திரும்பவும் முதல் காலத்திலிருந்து எடுத்தான்.